போயா நாள் வகுப்பு

1

போன வியாழக்கிழமை சூசன் என்ற பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். இங்கே இங்கிலாந்தில், போல்டன் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில், மருந்துக் கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் உதவியாளராக வேலை செய்பவர்களுக்கு வாரத்தில் ஒரு மாலை நான் வகுப்பெடுக்கிறேன். அதைத் தொடங்கி இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. சூசன் என் மாணவி. இதற்கு முன்பு எங்கே படிப்பித்தீர்கள் என்று கேட்டாள். இலங்கையில், மாத்தளை என்ற ஊரில், ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் என்றேன். அங்கே எந்தக் கிழமையில் வகுப்பு நடந்தது என்று கேட்டாள். கிழமை கிடையாது, நிலாவைப் பார்த்து நாள் குறித்தோம் என்றேன். பக்கத்திலிருந்தவள் சிரித்துவிட்டாள். இந்த ஊரில் நிலாவைப் பார்த்துக் கூடுகிறவர்கள் சூனியக்காரிகள் மட்டும்தானாம்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை நாளாகி, நிலாவின் வளர்பிறை தேய்பிறைக் கணக்கில் வரும் போயா நாள் விடுமுறையாக இருந்த அந்தச் சில வருஷங்களை மறந்திருக்க மாட்டீர்கள். இங்குள்ளவர்களுக்கு அதை விளக்கத் தொடங்கினால் தேநீர் வேளை முடிந்துவிடும். அதனால் சூசனிடம் சொல்லாமல் விட்டதை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

முதலில் நான் இங்கு வந்த கதை. என் கணவருக்கு இங்கே ஓர் ஆலையில் பொறியாளர் வேலை கிடைத்தது. மகள் மாலதிக்கு அப்போது எட்டு வயது. நான் கொழும்பில் படித்துப் பதிவு பெற்ற மருந்தாளர். மாத்தளையில் பல வருஷம் வேலை செய்தவள். விமானத்திலிருந்து இறங்கியபோது சான்றிதழைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

அது இங்கே செல்லாது என்றார்கள். ஒரு வருஷம் வேறொரு மருந்தாளரின் மேற்பார்வையில் நிற்க வேண்டும், பிறகு பரீட்சை எழுத வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கப் போனால் பெயரில் சிக்கல் வந்தது. சான்றிதழில் பெரியசாமி ராஜேஸ்வரி, கடவுச்சீட்டில் ராஜேஸ்வரி சண்முகம். பெரியசாமி யார் என்று கேட்டார் அதிகாரி. என் அப்பா. அவரும் மருந்தாளரா? இல்லை, மாத்தளையில் திருகோணமலை வீதியில் புடவைக் கடை வைத்திருக்கிறார். அப்படியானால் உங்கள் சான்றிதழில் அவர் பெயர் எதற்கு? இந்தக் கேள்விக்கு நான் பல மாதம் பதில் எழுதினேன். கடைசியில் வந்த பதில் 'அன்புள்ள திரு. பெரியசாமி' என்று தொடங்கியது. அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, தனக்கு அங்கே வேலை போட்டுக் கொடுத்தால் வரத் தயார் என்றார்.

மேற்பார்வையில் நின்ற அந்த வருஷத்தில் ஒரு நாள், வயதான ஓர் அம்மாவிடம் குளிசைப் போத்தலைக் கொடுத்து, தினமும் இரவில் ஒன்று குடியுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நம் வாயில் குளிசை, மாத்திரை எதையும் குடிப்பதுதானே வழக்கம். சிங்களத்திலும் அப்படித்தான். அந்த அம்மா சொல் தவறாதவர். ஒவ்வோர் இரவும் குளிசையைத் தேநீரில் போட்டுக் கரைத்துக் குடித்து, இது சகிக்க முடியாத கசப்பு என்று ஒரு வாரம் கழித்து வந்து முறையிட்டார். நல்லவேளை, கரைத்துக் குடித்தாலும் கெடுதல் செய்யாத மருந்து. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. மருந்து கொடுக்கிற இடத்தில் ஒரு சொல் பிசகினால் என்ன ஆகும் என்பதை நான் மாத்தளையில் பார்த்திருக்கிறேன்.

3

கொழும்பில் படிப்பை முடித்து ஊர் திரும்பியபோது, ஜுனைதீன் ஹாஜியார் தம் மருந்துக் கடையில் எனக்கு வேலை கொடுத்தார். அறுபது வயதை நெருங்கியவர். மாத்தளையிலேயே கொங்காவலைப் பகுதிக்காரர். பெண் பிள்ளையை மருந்துக் கடையில் நிறுத்துவதா என்று அப்பா தயங்கியபோது, "ஒங்க மகள் கவுண்டர்ல நிக்கட்டும், நான் கதிரைல உக்காந்திருக்கேன். யாரு என்ன சொல்லிருவாங்க?" என்று கேட்டு வாயை அடைத்தார்.

பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவர் கடையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஊரில் பல கடைகளில் அந்தச் சட்டத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கண்டியிலோ கொழும்பிலோ இருக்கும் ஒரு மருந்தாளரின் சான்றிதழை வாடகைக்கு வாங்கி, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள். சட்டகத்துக்குள் மருந்தாளர் இருப்பார். கடைக்குள் இருப்பவர்கள், ஒரு நாள் கூட்டிப் பெருக்க வந்து, பிறகு போத்தல் கழுவி, பிறகு டொக்டர் எழுதிய துண்டுச் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கப் பழகிய உதவியாளர்கள். அவர்களுக்கு யாரும் எதையும் படிப்பித்ததில்லை. போத்தல் இருக்கும் தட்டையும், மூடியின் நிறத்தையும் வைத்து மருந்தை அறிந்தவர்கள் அதிகம்.

பஸ் நிலையத்துக்கு அருகில் இருந்த அப்படியொரு கடையில்தான் நிசார் வேலை செய்தார். பலாபத்வலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். முகம் கொடுத்துப் பேசுகிறவர் என்பதால் கிராமத்து ஆட்கள் அவரைத் தேடிப் போவார்கள்.

பல்லேகமவிலிருந்து டிங்கிரி பண்டா என்ற விவசாயி வந்தார். அவருடைய மூன்று வயது மகள் குசுமாவுக்கு வலிப்பு. டொக்டர் எழுதிய குளிசை ஆஸ்பத்திரியில் முடிந்துபோயிருந்ததால், துண்டை எடுத்துக்கொண்டு நிசாரிடம் போனார். அந்தக் காலத்தில்தான் மருந்தின் அளவு கிரெயின் என்ற பழைய கணக்கிலிருந்து மில்லிகிராம் கணக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த வாரம் வந்திறங்கிய புதுப் போத்தலில் அதே பெயர், அதே வெள்ளைக் குளிசை. ஆனால் ஒரு குளிசைக்குள் இருந்த மருந்து பழையதைப் போலப் பல மடங்கு. நிசார் பெயரைச் சரியாக வாசித்தார். அதன் கீழிருந்த எண்ணைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவருக்கு விளங்கியிருக்காது.

குழந்தை தூங்கியது. வலிப்பு நின்றுவிட்டது, பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறது என்று முதலில் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். மறுநாள் தட்டி எழுப்பியும், முகத்தில் தண்ணீர் தெளித்தும் எழவில்லை. மலைப் பாதையில் ரத்தோட்டை வழியாக வந்த ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். டொக்டர் மீதிக் குளிசைகளை எங்கள் கடைக்கு அனுப்பி, என்னவென்று பார்க்கச் சொன்னார். பார்த்ததும் நானே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கட்டிலில் அந்தக் குழந்தை கிடந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எண்ணெய் வைத்துத் தலை வாரி, காதில் சின்னத் தோடு போட்டு, யாரோ அழகாகப் படுக்கவைத்த மாதிரி இருந்தது. நெஞ்சு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. டிங்கிரி பண்டா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தியிருந்தார். எனக்கும் வீட்டில் அதே வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அங்கே நிற்க முடியாமல் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டேன்.

குசுமா பிழைத்தாள். கண் விழித்ததும் பசிக்கிறது என்று அழுதாளாம். அந்த அழுகையைக் கேட்டுத் தாதிமார் கைதட்டினார்கள் என்று டொக்டர் சொன்னார்.

4

பொலிஸ் நிசாரைப் பிடித்துக்கொண்டு போனது. கடை முதலாளி, தான் அப்போது கடையில் இல்லை, பையன் தன் பாட்டில் கொடுத்துவிட்டான் என்றார். அந்தக் கடைக்குச் சான்றிதழ் வாடகைக்குக் கொடுத்திருந்த கண்டி மருந்தாளரும் தான் அன்றைக்கு அங்கே இல்லை என்றார். என்றைக்காவது அவர் அங்கே இருந்ததுண்டா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பேர் தாங்கள் இல்லை என்று சொல்லித் தப்பிக்கொண்டார்கள். அங்கே இருந்த ஒருவர் மாட்டிக்கொண்டார்.

நிசாரின் வழக்கறிஞர் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். செய்தி வீதி முழுவதும் பரவியது. மருந்துக் கடைக்காரர்கள் சிலர் ஹாஜியாரைப் பார்த்து நெடுநேரம் பேசிவிட்டுப் போனார்கள். பிறகு ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார்.

"மகள், நீங்க கோட்டுல பொய் சொல்ல மாட்டீங்க. அது எனக்குத் தெரியும். ஆனா நீங்க உண்மையச் சொன்னா இந்த ரோட்டுல முக்காவாசிக் கடைய மூடணும். எல்லாரும் என்கூட ஒரே பள்ளியில தொழுறவங்க. நான் அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"போக வேணாங்கிறீங்களா ஹாஜியார்?"

அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "போக வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல. போங்கன்னும் சொல்ல முடியல்ல" என்றார்.

நான் போனேன். நீதவான் முதலில் கேட்டது, கொடுத்தது பிழையா என்று. பிழைதான் என்றேன். கூண்டில் நின்ற நிசார் தலை குனிந்தார். அவருக்கு அது துரோகம் போல இருந்திருக்கும். அளவு மாறியிருப்பதை அவர் எப்படித் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று நீதவான் அடுத்துக் கேட்டார். கடையில் இருக்க வேண்டிய மருந்தாளர் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவர் எங்கே என்று கேட்டார். சுவரில் என்றேன். சாமர்த்தியமாகப் பேச வேண்டும் என்று சொன்னதல்ல. உண்மையாகவே அவர் இருந்த ஒரே இடம் அதுதான்.

நிசாரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். மருந்தாளர் ஒருவர் வந்து நிற்கும்வரை கடையைத் திறக்கக் கூடாது என்று உத்தரவானது. நிசாருக்கு வேலை போனது. வேறு கடைக்காரர்களும் அவரைச் சேர்க்கவில்லை. என்னை வீதியில் கண்டால் சிலர் மறுபக்கம் பார்த்தார்கள். ஹாஜியார் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார்.

5

சில வாரங்கள் கழித்து டிங்கிரி பண்டா எங்கள் கடைக்கு வந்தார். இடுப்பில் குசுமா. கையில் ஒரு புதிய துண்டு. குளிசைகளை எண்ணிக் கொடுத்து, எப்படி அரைத்துக் கொடுப்பது என்று சிங்களத்தில் விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"அந்தத் தம்பி இப்ப எங்கே?" என்று கேட்டார். வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறார் என்றேன்.

அவர் பேசியது சிங்களம். நினைவில் நிற்பதை நம் மொழியில் எழுதுகிறேன். "கோபம் வந்ததுதான் நோனா. வெட்டிப் போடலாம் போல இருந்தது. ஆனா அவரைத் துரத்திட்டா அந்த இடத்துக்கு இன்னொருத்தன் வருவான். அவனுக்கும் தெரியாது. அடுத்த தடவை பல்லேகமவிலயிருந்து வேற யாராவது பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. மருந்து குடுக்கிறவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறதுக்கு இந்த ஊர்ல ஆளே இல்லையா?"

அப்போது பின்னாலிருந்து கதிரை நகரும் சத்தம் கேட்டது. ஹாஜியார் எழுந்து கவுண்டருக்கு வந்தார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்: "மேல அந்தப் பெட்டியெல்லாம் எடுத்துட்டா முப்பது பேரு உக்காரலாம். போயாவுக்குக் கடை பூட்டுத்தானே."

எங்கள் வகுப்பு அப்படித்தான் தொடங்கியது. காலிப் பெட்டிகளையே உட்காரும் வாங்குகளாகப் போட்டோம். முதல் நாள் ஆறேழு பேர்தான். பிறகு உக்குவளை, ரத்தோட்டை, நாவுல என்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். தம்புள்ளையிலிருந்து ஒருவர் விடியற்காலை பஸ் பிடித்து வருவார். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் அறையில் உதவியாளராக இருந்த முத்தையா, தோட்டத்துரையிடம் கேட்டு விடுப்பு வாங்கிக்கொண்டு வந்தார். சிங்களவர்களும் இருந்தார்கள். நான் ஒரு வசனத்தைத் தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பேன். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

நிசார் மட்டும் வரவில்லை. வெட்கம். ஹாஜியார் பலாபத்வலைக்குப் போனார். வீட்டு வாசலில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த போயாவுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நிசார் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தார். அன்று எங்கள் பாடம் கிரெயினும் மில்லிகிராமும். பலகையில் எழுதும்போது வேறோர் உதாரணத்தைத் தேடினேன். அவரே கேட்டார்: "அந்தப் போத்தல வச்சே சொல்லிக் குடுங்க மிஸ். எல்லாருக்கும் வெளங்கும்."

அந்தப் போத்தலை வைத்தே சொல்லிக் கொடுத்தேன்.

கடைக்காரர்கள் கூட்டமாக வந்து ஹாஜியாரிடம் சண்டை போட்டார்கள். சான்றிதழ் கிடைத்ததும் பையன்கள் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள் என்பது அவர்கள் பயம். ஹாஜியார் அமைதியாகத்தான் சொன்னார். "படிச்சவன் போயிருவான்னு பயப்படுறீங்க. படிக்காதவன் கடையில நின்னா என்ன ஆகும்னு பாத்தோமே." வந்தவர்களில் ஒருவர் மறு வாரமே தம் கடையிலிருந்து இருவரை அனுப்பிவைத்தார். மற்றவர்கள் மெல்ல மெல்ல வழிக்கு வந்தார்கள்.

6

படிப்பித்தால் மட்டும் போதாது என்பது சீக்கிரமே தெரிந்தது. மருந்தாளராகப் பதிவு பெறக் கொழும்பில் பரீட்சை எழுத வேண்டும். பரீட்சைக்கு விண்ணப்பிக்க, இத்தனை வருஷம் தம்மிடம் வேலை பழகினார் என்று ஒரு மருந்தாளர் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் என் கடையில் வேலை செய்யாததால் நான் போட முடியாது. சட்டகத்துக்குள் இருந்தவர்கள் கையெழுத்துப் போட வரவில்லை. போட்டால் தாங்கள் அங்கே இல்லாத கதையும் சேர்ந்து வெளிவரும். பரீட்சையோ ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும். நிசாரும் முத்தையாவும் இன்னும் பலரும் தமிழில் படித்தவர்கள்.

நாங்கள் ஒரு சங்கம் வைத்தோம். பெரிய பெயர் ஒன்றும் வைக்கவில்லை. மருந்துக்கடை ஊழியர் சங்கம், அவ்வளவுதான். நான், நிசார், உக்குவளையைச் சேர்ந்த சோமபால, மூன்று பேரும் ரயிலேறிக் கொழும்புக்குப் போனோம். இந்த அரசாங்கக் கந்தோரில் கேட்டால் அந்தக் கந்தோர், அங்கே கேட்டால் மாடி, மாடியில் கேட்டால் நாளைக்கு வாருங்கள். நிசார் அலுக்கவே இல்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் விளங்குகிறது என்று சிரித்தார்.

மூன்றாவது பயணத்தில் ஒரு மேலதிகாரியைப் பார்க்க முடிந்தது. மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். ஆங்கிலத்தில் என்னோடு பேசினார். கையெழுத்துப் பிரச்சினையை ஆலோசிக்கலாம் என்றார். பரீட்சையைத் தமிழில் வைப்பது பற்றி, இத்தனை வருஷமாக ஒருவரும் அப்படிக் கேட்டதில்லையே என்றார். நான் அதை நிசாருக்குத் தமிழில் சொன்னேன்.

நிசார் எழுந்து நின்றார். அவரே நேராகச் சிங்களத்தில் பேசினார். பேச்சுச் சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துத்தான் வராது. "சேர், ஒருத்தரும் கேக்கலன்னு சொன்னீங்க. இப்ப நாங்க வந்து கேட்டிருக்கோம். இனிமே வர்றவங்ககிட்ட நீங்க அப்படிச் சொல்ல முடியாது."

அந்த அதிகாரிக்கு முகம் சிவந்தது. பிறகு, என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார். எழுதித் தாருங்கள் என்றார். அங்கேயே மேசையோரத்தில் எழுதினோம். நான் ஆங்கிலத்தில், சோமபால சிங்களத்தில், நிசார் தமிழில். ஒரே கோரிக்கை, மூன்று தாள்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னோம். மாத்தளை ஆஸ்பத்திரி டொக்டர் எங்களுக்காகப் பேசினார். முதலில் மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரு தேர்வு வைத்து, அதில் தேறியவர்களின் வேலைக் காலத்தைப் பயிற்சிக் காலமாக ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வாய்மொழிப் பரீட்சையைத் தமிழில் வைத்தார்கள். எழுத்துப் பரீட்சை தமிழில் வர இன்னும் காலமெடுத்தது.

முதல் தடவை நிசார் சித்தியடையவில்லை. சோமபால சித்தியடைந்தார். செய்தி வந்த அன்று நிசார் சோமபாலவுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, வழக்கம் போல மாடியில் பெட்டிகளை ஒழுங்குபடுத்தினார். அடுத்த தடவை தமிழிலேயே எழுதினார். பதிவு பெற்றார். ஹாஜியார் அவரைத் தம் கடையிலேயே வைத்துக்கொண்டார்.

முத்தையா விஷயத்தில்தான் நாங்கள் தோற்றோம். தோட்டத் தமிழர் பலரைப் போல அவருக்கும் பிரஜாவுரிமை இல்லை. மனு போட்டுவிட்டுக் காத்திருந்தார். எங்கள் வகுப்பில் நன்றாகப் படித்தவர்களில் ஒருவர். பரீட்சை எழுதினாலும் பதிவு கிடைக்காது என்று தெரிந்தும் ஒரு போயாவையும் தவறவிடவில்லை. பதிவு இல்லாமல் இதைப் படித்து என்ன செய்யப் போறீங்க என்று ஒருவர் கேட்டபோது, "மருந்து குடிக்கிறவனுக்குத்தான் நான் படிக்கிறேன். அவன் என்கிட்ட பிரஜாவுரிமை கேக்கல்லயே" என்றார். பிறகு குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போக வேண்டியதாயிற்று. இப்போது நீலகிரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டபோது, இந்தக் குளிர் ஊரில் அன்று முழுவதும் எனக்கு மனம் சூடாக இருந்தது.

7

இங்கே நான் பரீட்சை எழுதிப் பதிவு பெற்றுவிட்டேன். திரு. பெரியசாமிக்கும் வாழ்த்துச் சொல்லி ஒரு கடிதம் வந்தது.

மாலதிக்குப் பதினான்கு வயதாகிறது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். முதலில் கண்டித்தோம். பிறகு விட்டுவிட்டோம். என் வகுப்புக் குறிப்புகளை வாசிக்கச் சொல்லி, என் உச்சரிப்பைத் திருத்துவது அவள்தான். "அம்மா, நீ 'எங்கள் ஊர்' என்று சொல்லும்போது எந்த ஊரைச் சொல்கிறாய் என்றே தெரியவில்லை" என்றாள் ஒரு நாள், ஆங்கிலத்தில். எனக்கும் சில வேளை தெரிவதில்லை என்றேன். அவள் அதைக் கேட்டு மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. இந்த ஏப்ரலில் ஊருக்குப் போகலாம் என்றபோது, அங்கே தான் வந்து என்ன செய்வது என்று கேட்டாள்.

8

போனோம். அப்பாவின் கடையில் இரண்டு நாள், கோவிலில் ஒரு நாள், சொந்தக்காரர் வீடுகளில் மீதி நாள். மாலதி எல்லோரிடமும் சிரித்தாள், யாரிடமும் பேசவில்லை. பேசினால் தன் தமிழைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயம்.

ஒரு நாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு ஹாஜியார் கடைக்குப் போனேன். ஹாஜியாருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்து, "மகள், மேல போங்க, வகுப்பு தொடங்கப் போகுது" என்றார், நேற்றுத்தான் நான் வேலையை விட்டுப் போன மாதிரி.

மேலே பெட்டிகளுக்குப் பதிலாக வாங்குகள் போட்டிருந்தார்கள். இளம் பெண்கள் பலர் இருந்தார்கள். என் காலத்தில் ஒரு பெண்கூட வந்ததில்லை. பலகைக்கு முன்னால் நிசார். முன்முடி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடி வந்து, பேசச் சொல்லுவார் என்று நினைத்தேன். மனதுக்குள் நாலு வசனம் தயார்செய்தும் வைத்திருந்தேன். அவர் இரு கையையும் பிடித்து விசாரித்துவிட்டு, "பின்னால எடம் இருக்கு மிஸ், உக்காருங்க. புதுசா சேந்தவங்களுக்கு இன்னைக்குத்தான் முதல் நாள்" என்றார். நானும் மாலதியும் கடைசி வாங்கில் உட்கார்ந்தோம்.

அவர் தம் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார். பிறகு, எந்தப் பீடிகையும் இல்லாமல், இப்படித் தொடங்கினார்.

"பல்லேகமவிலயிருந்து ஒரு தகப்பன் மகளுக்கு மருந்து வாங்க வந்தாரு. நான் பிழையான குளிசையக் குடுத்தேன். அந்தப் புள்ள சாகப் பாத்துச்சு. எனக்கு அப்ப யாரும் சொல்லித் தரல்ல. கோட்டுலயும் அதத்தான் சொன்னாங்க, அதுதான் உண்மை. ஒங்களுக்கு நான் இன்னையிலயிருந்து சொல்லித் தாறேன். அதனால நாளைக்கு ஒரு பிழை நடந்தா, தெரியாதுன்னு சொல்ல ஒங்களுக்கு வழி இல்ல."

ஒவ்வொரு வருஷமும் முதல் நாளில் இதைத்தான் சொல்வார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். யாரும் கேட்காமலே, தன் பெயர் சொல்லி, பிழை செய்தது தான்தான் என்று சொல்வார்.

அந்த வேகப் பேச்சு முழுதாகப் பிடிபடாமல், என்ன சொன்னார் என்று மாலதி காதோடு கேட்டாள். மெல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, எழுந்து நின்றாள். அத்தனை பேருக்கு நடுவில், நொறுங்கிய தமிழில் கேட்டாள்.

"அந்தப் புள்ள... இப்போ எங்கே இருக்குது?"

யாரும் சிரிக்கவில்லை. நிசார் அவளுக்கு மட்டும் பதில் சொல்வது போல, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"பள்ளிக்கூடம் போறாம்மா. இங்கிலீசுல கெட்டிக்காரி. ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் தகப்பனோட பலகாரம் கொண்டு வருவா. போன வாரம்தான் வந்துட்டுப் போனா."

மாலதி உட்கார்ந்தாள். நிசார் பலகைப் பக்கம் திரும்பி, அன்றைய பாடத்தின் தலைப்பைத் தமிழில் எழுதினார். அதன் கீழே, இப்போது கைவந்துவிட்ட சிங்கள எழுத்திலும் எழுதினார். முன்வரிசைப் பெண்கள் கொப்பியைத் திறந்தார்கள். மாலதி என் கைப்பைக்குள் கையை விட்டுப் பென்சிலையும் ஒரு பழைய உறையையும் எடுத்தாள். சின்ன வயதில் படித்த தமிழ் எழுத்து அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஆனாலும் பலகையை நிமிர்ந்து பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தையும் படம் வரைவது போல வரைந்துகொண்டிருந்தாள். முடித்ததும் உறையை என் பக்கம் நகர்த்தி, முதல் எழுத்தின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டாள்.